நாற்பது சுற்று

ஒன்று, மூன்று, இரண்டு.
எங்கள் எஞ்சினுக்கு இப்படித்தான் எண்ணத் தெரியும்.
நாலாவது சிலிண்டர் கிடையாது.
அதன் இரும்பும் எடையும்
அதற்கான நாலாயிரத்துச் சொச்ச ரூபாயும்
ஒரு மார்ச் மாதக் கூட்டத்தில்
புரொஜெக்டர் வெளிச்சத்தில் கழிந்தன.
அடுத்த கூட்டத்தில்
அதிர்வைச் சமன்செய்யும் தண்டையும் எடுத்தார்கள்.
மிச்சம் இருந்தது அதிர்வு.
அதை என்னிடம் கொடுத்தார்கள்.

சேதராப்பட்டு, மூன்றாம் எண் சோதனை அறை.
தடித்த கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
ஆயிரத்துக்கு இரண்டு சிசி குறைந்த ஓர் அலுமினியக் கட்டி
இரவும் பகலும் எங்கும் போகாமல் ஓடியது.
புகைக்குழாய் சூளைச் செங்கல்லாய்ச் சிவந்திருக்கும்.
இருநூற்றுப் பதினோராவது மணியில்
தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுங்கும் சத்தம்.
பிரித்துப் பார்த்தால்
மூன்றாம் பிஸ்டன் தலையில்
குண்டூசி நுழையும் ஓட்டை.
நெருப்பு கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.
மறுபடி ஒன்றிலிருந்து.

பாடலீஸ்வரன் திரையில் வரும் கோடுகளை நம்பமாட்டான்.
ஒரு ரூபாய் நாணயத்தை
எஞ்சின் மூடிமேல் செங்குத்தாக நிறுத்துவான்.
விழும்.
எடுத்துத் துடைத்து நிறுத்துவான்.
"ஏழு செகண்ட், மேடம்."
அதற்கென்று தனி நோட்டு, தேதி போட்டு.
ரப்பர் தாங்கிகளை இளக்கினோம்: பத்தொன்பது.
ஸ்டியரிங் நடுக்கம் நின்றது,
பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.
பின்சீட்டை அடக்கினால் கண்ணாடியில்,
கண்ணாடியை அடக்கினால்
டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு திருகில்.
அதிர்வு சாகாது. வீடு மாறும்.

மே மாதம் சாலைக்கு வந்தோம்.
முள்ளோடையில் டேங்க் நிரப்பிக்கொண்டோம்
(எல்லை தாண்டினால் விலை வேறு,
கம்பெனிக் காசானாலும் மனசு கேட்காது).
ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகள்,
ஓட்டுவது இருதயமேரி,
என் மடியில் லேப்டாப், அதன் சூடு தனி.
பெண்ணையாற்றுப் பாலத்தின் நடுவில்
கரும்பு டிராக்டர் ஒன்று டயர் வெடித்துக் குறுக்கே நின்றது.
வெளியே நாற்பத்தொன்று டிகிரி.
நின்ற இடத்தில்
ஒன்று, மூன்று, இரண்டு,
ஒன்று, மூன்று,
ஏசி கம்ப்ரசர் "டக்" என்று கைநீட்டியது.
கொடுக்க எஞ்சினிடம் ஒன்றும் இல்லை.
ஒரு விக்கல். அணைந்தது.
பின்னால் நின்ற டவுன் பஸ்
எங்கள் நாலு வருஷத்தை
ஒரே ஹாரனில் விமர்சித்தது.
"இது நம்ம கார் இல்லன்னு சொல்லிடலாமா?" என்றாள் மேரி.

அன்றிரவு
பதினாறு வரிசை, பதினாறு பத்தி, ஒரு கட்டம்.
கம்ப்ரசர் கேட்பதற்கு அரை நொடி முன்பே
கொஞ்சம் காற்று, கொஞ்சம் பெட்ரோல்,
நிமிடத்துக்கு நாற்பது சுற்று கூட.
நாற்பது என்று அடித்தேன்.
தலைமை அலுவலகம் கொதித்தது:
மைலேஜில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு போகிறது,
விளம்பரம் அச்சுக்குப் போயாயிற்று.
இருபது என்றார்கள்.
நாற்பது என்றேன்.
முப்பது என்றார்கள், வஞ்சிரத்துக்குப் பேசுவதுபோல.
பாலத்தில் பதிவான ஹாரன் சத்தத்தை
இணைத்து அனுப்பினேன், ஒரு வார்த்தையும் எழுதாமல்.
கடைசியில் முடிவானது:
முப்பத்தைந்து டிகிரி வரை இருபது,
அதற்கு மேல், "விதிவிலக்கான சூழலில்", நாற்பது.
அவர்களுக்கு அது விதிவிலக்கு.
கடலூரில் அதற்குச் சித்திரை என்று பெயர்.

போன வாரம் கம்மியம்பேட்டை ரயில்வே கேட்.
பக்கத்தில் எங்கள் கார்.
எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும் முகப்பு,
பின்கண்ணாடியில் அழுத்திய ஒரு சின்னப் பாதம், தூக்கத்தில்.
ஓட்டுகிறவர் போனில்
யாரிடமோ சீட்டுப்பணம் கேட்டுக்கொண்டிருந்தார்.
என் ஜன்னலை இறக்கினேன்.
ஒன்று, மூன்று, இரண்டு.
ஒன்று, மூன்று, இரண்டு.
பிறகு அந்த மூச்சு, மிகச் சின்னதாக,
பிறகுதான் "டக்".
பாதம் அசையவில்லை.
அவர் பேச்சை நிறுத்தவில்லை.
ரயில் இன்னும் வரவில்லை.