கடலைக் காணாத கடல்நாய்

நம் பாஷையில் இதற்குப் பெயர் கடல்நாய்.
கடலை இது பார்த்ததே இல்லை.
பனியுகம் கரைந்து நிலம் மேலெழுந்தபோது
கதவு சாத்திக்கொண்ட ஏரிக்குள்
பத்தாயிரம் வருஷமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.
ஏரி சாய்மா. ஊர்க்காரர்கள் நோர்ப்பா என்கிறார்கள்.
மொத்தமே ஏறக்குறைய ஐந்நூறு.

ஜனவரி. பனி வரவில்லை.
குளிர் மட்டும் வந்திருக்கிறது,
பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு
வருகிற சொந்தக்காரனைப் போல.

உறைந்த ஏரி கண்ணாடியாய்க் கிடக்கிறது.
தாய்க்கு வேண்டியது கரையோரம் ஒரு பனிமேடு.
அடியிலிருந்து நகத்தால் பனிக்கட்டியைத் துளைத்து
மேட்டுக்குள் ஓர் அறை குடையும்.
மாசியில் அங்கே பெறும், ஒன்றே ஒன்று.
மேடில்லையென்றால் வெட்டவெளியில்.
நரி வரும்.

அதனால் பனிவாரிகளோடு நாங்கள் பதினோரு பேர்.
எங்கெங்கோ கிடந்த பனியைக் கூட்டிப் பெருக்கித்
தள்ளிக்கொண்டு போகிறோம்.
எட்டு மீட்டர் நீளம், இடுப்பளவு உயரம்.
பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ரௌனி
நாடா பிடித்து அளக்கிறாள், தையல்காரியைப் போல.

பன்னிரண்டாவதாகத் தைஸ்தோ வந்தார்.

போன ஜூலை, வலைத்தடை முடிந்த மறுநாள்,
அவர் வலையில்தான் அந்தக் குட்டி.
சட்டப்படி குற்றமில்லை.
அவரேதான் போன் பண்ணிச் சொன்னார்.
மீனைப்போல நீந்துவதால் மறந்துவிடுகிறோம்,
நெஞ்சில் காற்றை முடிந்துகொண்டு
உள்ளே போகிற பிராணி இது.
தண்ணீரில் மூழ்கிச் சாகும்,
நம்மைப் போலவே.

யாரும் எதுவும் பேசவில்லை.
இந்த ஊரில் மௌனம் மரியாதையா தண்டனையா
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
ரௌனி பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினாள்.
குடிக்காமல் கீழே வைத்துவிட்டு
அவர் தனியே பாறைப் பக்கம் போய் வாரத் தொடங்கினார்.

"அங்கே வேண்டாம், போன தடவை ஒன்றும் வரவில்லை."

"வரும். மே மாதம் இந்தப் பாறையில்தான் வெயில் காய்வாள்.
இடது விலாவில் மூன்று வளையம்,
ஒன்றுக்குள் ஒன்று பூட்டினாற்போல்.
எனக்குத் தெரியும் அவளை."

வளையங்கள் நம் ரேகை மாதிரி,
ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது.
செத்த குட்டியின் தாய் அவள்தானா என்று
யாரும் கேட்கவில்லை.
நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
வசந்தத்தில் தரிக்கும் கரு
கோடை பாதிவரை வளராமல் சும்மா கிடக்கும்.
அப்படியென்றால் வலைக்கண்ணில் ஒன்று அடங்கிய அன்று
கடுகளவில் அடுத்தது உள்ளே
காத்திருந்திருக்கும்.

இருட்டும்வரை வாரினார். மதியம் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
காபி உறைந்துபோயிருந்தது.

ஏப்ரல் கடைசியில் எண்ணப் போனோம்.
எங்கள் மேடுகளில் நான்கு வெறும் மேடுகள்.
பாறையோர மேட்டின் கூரை உள்ளே விழுந்து ஒரு குழி.
விளிம்பில் சாம்பல் வெள்ளையில் ரோமம்,
ஒரு சிட்டிகை.
குட்டி உதிர்த்ததா, சும்மா படுத்துப்போன பெரியதா,
பரிசோதனைக்கூடம்தான் சொல்லவேண்டும்.
ரௌனி அதை உறையில் போட்டுத் தேதி எழுதினாள்.

தைஸ்தோவுக்குப் போன் போட்டோம்.
"சரி" என்றார். வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் அவருடைய படகுக் கொட்டகை.
சுவரில் வலைகள் காய்ந்து தொங்குகின்றன,
கிழிசல் ஒன்று பாதி தைத்தபடி.
ஜூலை ஒன்று
இந்த வருஷம் செவ்வாய்க்கிழமை.