உள்ளது உள்ளபடி

கரடிப்போக்குச் சந்தியில்
டயர்க் கடைக்கு மேலே எங்கள் கந்தோர்.
மூன்று கதிரை, நாலு பேர்.

துளசிகனுக்கு விம்.
வெளியேறத் தெரியாமல்
முதல் நாள் பிளக்கைப் பிடுங்கினவன்,
இப்ப யாரும் மவுஸைத் தொட்டாலே முகம் சுளிக்கிறான்.

எனக்கு எஸ்கியூலைட்.
கரண்ட் போய் வந்தாலும்
நெல்லுக் கணக்கில் ஒரு மூட்டை பிசகாது.
ஒரே கோப்பு. சட்டைப் பையில் போட்டு
முறிகண்டிச் சங்கத்துக்குக் கொண்டுபோகலாம்.

கிட் எல்லாருக்கும் பிடிக்கும்.
எந்த வரியை
யார் அழித்தது, எத்தனை மணிக்கு
என்று கேட்டால் சொல்லும்.
இந்த ஊரில் அப்படிக் கேட்டுப்
பதில் வாங்கின ஆளை நான் கண்டதில்லை.

ஆவணியில் பற்றுச்சீட்டு அச்சடித்தோம்.
கொக்காவிலின் முதல் எழுத்து
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாய்
பிரிந்து விழுந்தது.
யாரோ எழுதி இலவசமாய் விட்ட நூலகம்.
திறந்து பார்த்தோம். திறந்துதான் கிடந்தது.
இரவிரவாய்த் தேடி
மூன்று வரி திருத்தி அனுப்பினோம்.

பதினொரு நாள்.
பிறகு, எந்த நாடென்றும் தெரியாத ஒருவர்:
'நன்றி. சேர்த்துவிட்டேன்.'

அன்றைக்குத்தான் உரிமத்தை முழுதாய் வாசித்தோம்.
உள்ளது உள்ளபடி தரப்படுகிறது,
எந்த உத்தரவாதமும் இல்லை.
துளசிகன் சிரித்தான்:
'எங்களுக்கு ஒண்டைத் தரேக்க
இப்பதான் ஒருத்தன் உண்மை சொல்லியிருக்கிறான்.'

கொக்காவில் இப்ப ஒழுங்காய் வருகிறது.
கீழே டயருக்குக் காற்றடிக்கிறார்கள்.
நாற்பத்திரண்டாம் சீட்டில்
'ஸ்ரீ' இன்னும் உடைகிறது.