தேசிக்காய்ச் சோதனை

முதல் மூன்று சனிக்கிழமையும் வெறுங்கை.
குடும்பிமலை அடிவாரத்தில் ஒரு கல்லைக் கண்டேன்,
கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு கோடாய்.
"படை! படை!" என்று கத்திவிட்டேன்.
மாடு சாய்த்துக்கொண்டு வந்த மனுசன்
அப்படியே நின்று பற்றைகளைப் பார்த்தார்.
நான் சொன்னது மண் படிந்த படையை.
அதை அவருக்கு விளங்கப்படுத்த
எனக்கு வாய் வரவில்லை.

கிருபைராசா குனிந்து பார்த்துவிட்டு
அதுவும் இல்லை என்றான்.
"இது உருமாறின பாறை.
சூடும் பாரமும் சேர்ந்து இழுத்த கோடு.
இதுக்குள்ள ஒரு சீவனும் தங்காது."

நாலாம் நடை காயங்கேணிக்கு.
திருகோணமலை பஸ்ஸில் போய் இறங்கி
வற்று நேரம் பார்த்துக் கரையோரம் நடந்தோம்.
தண்ணி விலகின இடத்தில்
ஆரோ சீமெந்து கொட்டி மறந்ததுபோல ஒரு தட்டு,
கடலைப் பார்த்துச் சரிந்து.

றிஸ்மியா மருந்துக்கடையில் நிற்கிறவள்,
எதையும் சோதிக்காமல் நம்பமாட்டாள்.
சோத்துப் பெட்டியிலிருந்து பாதித் தேசிக்காயை எடுத்து
ஒரு பிழி.
முதலில் ஒன்றும் இல்லை.
மறுகா, காதை வைத்தால் கேட்கிற அளவுக்கு,
சுர்ர்.
"சுண்ணாம்புகா" என்றாள், "அடையற் பாறைதான்."

மூன்று பேரும் முழங்காலில்.
குருமணல், முருகைக்கல்லின் விரல் ஒன்று,
வாய் பிளந்த மட்டி,
சுருளின் உச்சி மட்டும் தெரியும் ஊரி.
எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது
கடலே காய்ச்சின பசை.
நான் பென்சிலை எடுத்து
உயிர்ச்சுவடு என்று எழுதி
அடியில் கோடும் போட்டேன்.

அந்த ஊரிக்கு நாலு விரல் தள்ளி
அதே கல்லுக்குள், அதே இறுக்கத்தில்,
ஒரு சோடா மூடி.
துருப்பிடித்த பற்களை எண்ணினேன், இருபத்தொன்று.
ஒன்றும் விழவில்லை.

"அப்ப இது பழசில்லையா?"
"கல்லுத்தான். ஆனா எங்கட வயசுதான் இருக்கும்."
கிருபைராசா சுத்தியலைப் பைக்குள் வைத்தான்.
உயிர்ச்சுவடு என்றால்
பத்தாயிரம் வருசமாவது வேணுமாம்.
இந்தக் கரையில் ஆர், எந்தப் பின்னேரம்,
பல்லால் கடித்துத் திறந்தாரோ.

றிஸ்மியா மிச்சத் தேசிக்காயை
மூடியின் மேலும் பிழிந்தாள்.
மூவரும் காதை வைத்தோம்.
நுரைக்கவில்லை.
அதன் நுரை எப்பவோ முடிந்திருந்தது.

எழுதினதை நான் வெட்டவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.
திரும்பி வரும் பஸ்ஸில்
தட்டின் விளிம்பு கீறின விரலில்
புளி பட்ட இடம் எரிந்துகொண்டே வந்தது,
வாழைச்சேனை வரைக்கும்.