ஐந்து புள்ளி ஒன்று

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் ஏசி கீழ்த்தளத்துக்கு மட்டும்.
ரிசீவர்கள் மாடியில்.
கடைப்பையன் பேசுவதற்கு முத்திருளாண்டியைத் தேர்ந்தெடுத்தான்.
"சார், உங்க ஹால் எத்தனைக்கு எத்தனை?"
பெஞ்ச் கிளார்க் முத்திருளாண்டி,
மச்சானின் லோடு ஆட்டோவோடு துணைக்கு வந்தவர்,
வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார்.
பதினொன்றுக்குப் பதினான்கு, என்றேன் நான்.
பையன் அவரைப் பார்த்துத் தலையாட்டினான்.

ஒன்பது சேனலையும் ஓடவிட்டான்.
"சத்தம் அங்கிட்டிருந்து இங்கிட்டு வரும்,
அப்படியே தலைக்கு மேல போகும் பாருங்க."
மழை பெய்தது.
வெளியே சித்திரை வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்க,
கடைக்கூரையிலிருந்து மட்டும் ஒரு மழை.
முத்திருளாண்டி வழுக்கையைக் கையால் மூடினார்.

எனக்கு மேலே சத்தம் வேண்டாம்.
மேல்வீட்டில் இரவு பத்துக்குத்தான் கிரைண்டர் போடுகிறார்கள்.
அவர்கள் பையனுக்கு ஒரு கோலிக்குண்டு இருக்கிறது.
பின்னால் கூடல்நகர்த் தண்டவாளம்:
சரக்கு வண்டிக்கு ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணியிருக்கிறேன்.
இடப்பக்கம் போர் மோட்டார்.
சுற்றிலும் ஒலி என்பது வாடகையிலேயே சேர்த்தி.
நான் காசோடு வந்தது நடுவில் இருப்பதற்கு.

நடு ஸ்பீக்கர். பேச்சு வருவது அதில்தான்.
இருபத்திரண்டு வருடமாக மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து.
சாட்சிகள் தரையிடம் பேசுவார்கள்.
வக்கீல் தொண்டையைச் செருமும் இடத்தில்தான் தேதி இருக்கும்.
"சத்தமாச் சொல்லும்மா" என்று நீதிபதி சொன்ன பிறகு
அழுகை மட்டும் சத்தமாகும்.
அதற்குக் குறியீடு கிடையாது.
வீட்டுக்கு வந்து ஒரு படம் போட்டால்
அவள் முக்கியமானதைச் சொல்லும்போது
வயலின் மேலேறி உட்காருகிறது.
ஏற்றுகிறேன். சண்டை வருகிறது. இறக்குவதற்குள்
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் இடித்துவிடுகிறார்.

விசாரித்தேன்.
நூற்றிருபது வாட் என்பது எல்லாச் சேனலும் ஒருசேர ஓடும்போதா?
பையன் முதல்முறையாக என்னைப் பார்த்தான்.
"ரெண்டு சேனலுக்கு, மேடம்." குரல் இறங்கியிருந்தது.
நடு ஸ்பீக்கரை மட்டும் தனியே உயர்த்தலாமா?
"உயர்த்தலாம்."
ராத்திரியில் இடியைத் தணித்துப் பேச்சை விட்டுவைக்குமா?
"இருக்கு மேடம். யாரும் கேக்கமாட்டாங்க."
ஏழு சேனலுக்கு ஒன்பதாயிரம் கூடுதல்.
அந்த இரண்டும் எங்கே உட்காரும், சமையலறையிலா?
"பின்னாடி மாட்டிக்கலாம்னு வைங்க."
பின்னாடி ரயில் இருக்கிறது என்று சொல்லவில்லை.

அகவிலைப்படி நிலுவை அப்படியே கரைந்தது.
பில்லில் மிஸ்டர் ஹேமாவதி என்று அடித்திருந்தான்.
திருத்தச் சொன்னேன்.

பெட்டிக்குள் குட்டியாக ஒரு மைக்.
உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வைத்தால்
ரிசீவர் மூலைமூலையாகக் கூவி
வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாம்.
வைத்தேன்.
சத்தம் அதிகம், மீண்டும் முயலவும், என்றது திரை.
கிரைண்டர்.
மீண்டும். சரக்கு வண்டி.
மீண்டும். கோலிக்குண்டு.

அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்தேன்.
தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில்
ஐந்து நிமிடம் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்.
கிடைத்தது.
ஃபேனையும் நிறுத்தினேன்.
வலம், இரண்டு மீட்டர் பத்து. சரி.
நடு, இரண்டு மீட்டர் நாற்பது. சரி.
மூச்சையும் அளந்துவிடுமோ என்று
பிடித்துவைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் இருக்கைக்கு மைக்கை நகர்த்தவும், என்றது.
பிறகு மூன்றாம் இருக்கை.
இருப்பது ஒரு பிரம்பு நாற்காலி.
மைக்கை எடுத்து
எடுத்த இடத்திலேயே வைத்தேன், இரண்டு தடவையும்.

மூன்று பேருக்கும் பொருந்தும்படி சரிசெய்யப்பட்டது
என்று எழுத்து வந்தது.
இதை நான் திருத்தச் சொல்லவில்லை.