இருக்கை எண் 114

மினசோட்டாவில் ஜனவரி.
காப்பகத்தின் நிலவறையில்
குளிருக்குப் போட்ட கையுறையைக் கழற்றாமலே
பக்கம் புரட்டினார் சோல்வெய்க் ஹால்வர்சன்.
கல்லூரிகள் கடவுளைக் கைவிட்டது எப்படி?
முப்பத்தோரு வருடம், மூன்று புத்தகம்.
அறங்காவலர் தீர்மானங்கள், நன்கொடைக் கணக்கு,
எதிலும்
அவர் வெளியேறிய தேதி இல்லை.

1926. காலை ஜெபம் கட்டாயம்.
இருக்கை நூற்றுப் பதினான்கு: எல்மர் துவெட்.
அக்டோபரில் காசநோயில் போய்விட்டவன்;
மாணவர் இதழில் இரண்டு வரி.
பதிவேட்டிலோ மே மாதக் கடைசிவரை
அவன் பெயருக்கு நேரே
வந்தான்
வந்தான்
வந்தான்.
ஒரே பென்சில், ஒரே கை.
கணக்கெடுத்த பையனின் பெயர்தான் எங்கும் இல்லை.

தலைக்கு மேல், பழைய ஜெபக்கூடத்தில்
இப்போது சேர்க்கை அலுவலகம்.
காசை விழுங்கிய காப்பி இயந்திரத்தை
யாரோ தட்டுகிற சத்தம்.

'பிழைப் பதிவு' என்று எழுதி
அடித்தார்.
'பொய்' என்று எழுதி
அதையும்.
முனை உடைந்தது. பென்சில் சீவ எழுந்து போனவர்
வெகுநேரம் திரும்பவில்லை.

நான்காவது புத்தகத்தில்
வருகை அட்டவணை சுத்தமாக இருந்தது என்றார்கள் மதிப்புரையாளர்கள்.
யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.
ஏழு மாதமும்
ஓர் ஆள் அதிகம்.