நியூட்ரலில் கேட்டது

தபசிமணி சத்தத்தை வாயில் வைத்துக்கொண்டு வந்தார்.
பேச்சிப்பாறைக்கு மேலே எஸ்டேட்டிலிருந்து
குலசேகரம் வரை, இடவப்பாதி மழையில்,
மறந்துவிடக் கூடாதென்று
வளைவுக்கு வளைவு சொல்லிப் பார்த்திருப்பார் போல.
"ஏற்றத்தில ஞ்ஞ்ர்ர்ர்.
லோவில போட்டா கம்பு கையைத் தட்டிட்டுச் சாடுது.
நின்ன இடத்தில எல்லாம் எண்ணெய்."

மூன்று புகார். முப்பத்தைந்து வருட ஜீப்.
பின்னால் ஒட்டுப்பால் சாக்கு. அதன் நாற்றம்
ஆளுக்கு முன்பே ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

டென்சிங் முதலாளி போனிலேயே தீர்ப்பு சொல்லியிருந்தார்:
டிரான்ஸ்ஃபர் போச்சு.
இவன் தார்ரோட்டிலும் நாலு வீலில் ஓட்டியிருப்பான்.
கோயம்புத்தூரில் பழையது ஒன்று பார்த்தாச்சு,
மாசம் ஆயிரத்து ஐந்நூறு இவன் சம்பளத்தில் பிடிப்பு.
இரண்டு மாசம் பிடித்தும் ஆச்சு.

"தார்ரோட்டில போட்டீரா ஓய்?"
"ஒரு நாளும் இல்ல."
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.
டயர்களைத் தடவிப் பார்த்தேன், நாலும் ஒரே தேய்மானம்.
ஜாக்கியில் தூக்கி
முன் ஷாஃப்டைக் கையால் திருப்பினேன்,
கிணற்று உருளை போல் இளகிச் சுற்றியது.
அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம்.

முதலில் கம்பு.
தரைத்தகட்டைக் கழற்றினால்
ரப்பர் உறைக்கு அடியில் ஒட்டுப்பால்,
சாக்கிலிருந்து வருடக்கணக்கில் சொட்டி, இறுகி,
கருகிய தோசை மாதிரி.
கம்பு முழுசாய் இறங்க இடமில்லை.
அரைகுறையாய்க் கடித்த பல்
மேடு வந்தால் விட்டுவிடாதா?
கத்தியால் சீவி எடுத்தேன், கால் கிலோ தேறும்.
"இதையும் தூக்கம் போட்டு வித்திரலாம்" என்றார்.
நான் சிரித்தேன்.
அவர் விலை யோசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு சத்தம்.
டிரான்ஸ்ஃபரை நியூட்ரலில் தள்ளிவிட்டு
கியரை ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றினேன்.
வண்டி அசையவில்லை.
ஞ்ஞ்ர்ர்ர் மட்டும் மலை ஏறிக்கொண்டிருந்தது.
டாப்பில் தணிந்தது.
"இதுதான், இதேதான்" என்று தபசிமணி
தன் சத்தத்தை அடையாளம் காட்டினார்.
டிரான்ஸ்ஃபர் சும்மா இருக்கையில் முனகுகிறது என்றால்
முனகுவது அதற்கு முன்னால் இருக்கிற கியர்பாக்ஸ்.

கீழே படுத்து அளவு பார்க்கும் போல்ட் இரண்டையும் திறந்தேன்.
டிரான்ஸ்ஃபரில் விரல் வைக்குமுன் கொட்டியது
கழுத்தில், காதில், பனியனுக்குள்.
கியர்பாக்ஸில் விரல் முழுதும் விட்டும்
நகக்கண்ணில்தான் ஈரம்.
ஒன்று வற்ற ஒன்று வழிந்திருக்கிறது.
வழிந்தது பின் சீல் வழியாய்த் தரைக்கு.
நின்ன இடத்தில எல்லாம் எண்ணெய், ஆமாம்.

இறக்கிப் பிரிக்கச் சாயங்காலம் ஆனது.
நடுவில் இருந்த சீல் கிழியவில்லை.
புதுசு போல்தான் இருந்தது.
உதடு மட்டும் திசைமாறி.
விளிம்பில் மஞ்சள் பெயிண்ட், விரல்நுனி அளவு.
நான் மாட்டுகிற எதிலும் நான் வைக்கிற பொட்டு.

போன மழைக்கு மாட்டியது.
கரண்ட் இல்லாத நாளாக இருந்திருக்கலாம்.
இருந்த நாளாகவும் இருந்திருக்கலாம்.

தபசிமணி இரண்டு சாயா வாங்கி வந்தார்,
மழை விழாமல் ஒன்றின்மேல் கையை மூடி.
மூடாததை அவர் எடுத்துக்கொண்டார்.
"என்ன ஓய், பிடி கிடைச்சுதா?"

சீலை வேஸ்ட் துணியில் துடைத்தேன்.
பொட்டு போகவில்லை. நல்ல பெயிண்ட்.
பேரிங் இரண்டு, சீல் ஒன்று, எண்ணெய்,
ஒரு நாள் கூலி,
அப்புறம் இவருக்குப் பிடித்த மூவாயிரம்.
அட்டையில் எழுதிக் கூட்டினேன்.
ஓட்டைப் பேனா, மூன்று தடவை கூட்டினேன்.

போன் அடித்தது.
"கோயம்புத்தூர்க்காரனுக்கு அட்வான்ஸ் போட்டு விடட்டா?"
"வேண்டாம்" என்றேன்.
"ஏன்?"
தகரத்தில் மழை வலுத்தது.
சாயாவில் ஆடை படிந்தது.
தபசிமணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அடுத்து அதிலிருந்து என்ன சத்தம் வரும் என்று.