பதினாலாம் நம்பர் கம்பம்

மீட்டர் மாற்றப் போன வீட்டில்
என் கையைப் பார்த்துக் கேட்டார்கள், ஷாக் அடித்ததா என்று.
இல்லை, டெஃப்லான் வெட்டும்போது
பிளேடு இழுத்துவிட்டது என்றேன்.
எதற்கு டெஃப்லான் என்று கேட்டிருந்தால்
கோனாபட்டு முழுக்கத் தெரிந்திருக்கும்.
கேட்கவில்லை.

இரண்டு தீபாவளி போனஸுக்கு
கல்கத்தாவிலிருந்து பஞ்சுக்குள் படுத்து வந்தது ஆடி,
எட்டு அங்குலம்.
உடம்பு, போர்வெல்காரர்கள் விட்டுப்போன பிவிசி குழாய்.
உள்ளே கரும்பலகைப் பெயின்ட் இரண்டு கோட்டிங்.
முன்பக்கம் கனத்துக் கவிழ்ந்தபோது
பின்பக்கம் கட்டினேன்
பாதி உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒன்றை.
அதன் பூ இன்னும் பச்சை.
வானம் பார்க்கையில் முழங்காலில் இடிக்கும்.

சித்திரையில் மொட்டைமாடி
பத்து மணி வரைக்கும் தோசைக்கல்.
ஆடியும் கொதிக்கும்.
அது காற்றின் சூட்டுக்கு இறங்கும் வரை
எந்த நட்சத்திரமும் கலங்கிய தண்ணீரில் கிடக்கிற காசு.
பனியனைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பேன்.
டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள், இரண்டு மடிப்பு.
தவறி மொபைல் ஒளிர்ந்தால்
கண்ணுக்கு அரைமணி நேர அபராதம்.

நான் தேடுவது தெற்கே
சென்டாரஸில் ஒரு பந்து.
இருபத்தைந்து மில்லிமீட்டர் கண்வில்லையில் பஞ்சு.
பத்துக்கு மாற்றினால்
கறுப்புத் துணியில் சிந்திய ரவை.
எண்ணத் தொடங்குமுன் நகர்ந்துவிடும்.
மோட்டார் கிடையாது, விரல்தான்.
தட்டித் தட்டிப் பின்னாலேயே போவேன்.
ஓடுவது அதுவல்ல, நானும் கோனாபட்டும்.

பங்குனிக் கடைசியில் பஞ்சாயத்து மாட்டியது
பதினாலாம் கம்பத்தில் தொண்ணூறு வாட் எல்இடி,
சரியாகத் தெற்கே.
ரவை கஞ்சியாகிவிட்டது.

அது தானாகத்தான் அணைந்தது, சத்தியமாக.
நான் செய்ததெல்லாம்
புகார் நோட்டில் அதற்குக் கீழே இருந்தவற்றை
முதலில் சரிசெய்ததுதான்.
ஒன்பது இரவு.
நடுவில் அமாவாசை.

பத்தாம் நாள் ஆரோக்கியசெல்வி வந்தார்,
சுகாதார நிலையத்து நர்ஸ்.
பிரசவம் பார்த்துத் திரும்புகையில்
மூடியில்லாத சாக்கடையில் ஸ்கூட்டி.
முழங்கையில் மூன்று தையல்.
யார் போட்டது என்றேன்.
"நானேதான், இடது கையால்."
திட்டவில்லை. நோட்டைத் திருப்பி
தேதியின்மேல் விரல் வைத்தார்.

அன்று மதியமே ஏறினேன்.
டிரைவர் போயிருந்தது, கால்மணி நேர வேலை.
வேலை முடிந்தும் இறங்க மனமில்லை.
செக்குக்காரரிடம் கேட்டு வாங்கிய நல்லெண்ணெய் டின்னைப்
பிளந்து, வளைத்து,
விளக்குக்கு முக்காடு போட்டேன்.
இரவு வெளிச்சம் விழுந்தது
சாக்கடைமேல், சாலைமேல்,
பூட்டிய வீட்டின் முதல் இரண்டு படிமேல்.
மூன்றாம் படி ஏறவில்லை.
ரவை திரும்பி வந்தது, பாதியாவது.

ஓர் ஆணித்துளையை அடைக்க மறந்திருந்தேன்.
இருநூறு மீட்டர் தள்ளி என் மாடியிலிருந்து
அது ஊசிமுனை.
குழலை அதன்மேல் திருப்பிக்
கண்வில்லையைச் சற்று வெளியே இழுத்தேன்.
வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம்,
நடுப்புள்ளி மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கி.
ஆடி கோணல் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
மூன்று திருகு. கால் சுற்று. பிறகு அரைக்கால்.
வானத்தில் இருக்கிற எதுவும்
எனக்காக இப்படி நின்றதில்லை.

இப்போது தினமும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.
நேற்றுத் தேடுகுழலில் ஒரு ஸ்கூட்டி போனது
தலைகீழாக,
விளக்குக்கு மேலே.